மகஜர், தந்தி, மை டப்பா

பழைய டிரங்குப் பெட்டிகளைக் குடைவது ஒரு வியாதி. எனக்கு அது ரொம்ப வருடமாக உண்டு. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பூர்வீக வீட்டை விற்றபோது பங்காளிகள் எல்லாம் அண்டா, ஊஞ்சல் பலகை, வெண்கலப் பானை என்று பிரித்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது கரையான் பாதி தின்று மிச்சம் வைத்த ஒரு டிரங்குப் பெட்டி. "நீதான் குப்பையைப் படிக்கிறவன், நீயே எடுத்துண்டு போ" என்று சித்தப்பா பெரிய மனசு பண்ணிக் கொடுத்துவிட்டார் :-)

உள்ளே வழக்கமான சாமான்கள்தான். ஜாதகக் கட்டு, நாலைந்து வாக்கியப் பஞ்சாங்கம், நிலவரி ரசீது. அடியில் மடித்து வைத்த ஒரு தந்தி ஆபீஸ் ரசீது. 1929 செப்டம்பர். போன இடம் சிம்லா.

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த, கோயிலையும் கொஞ்சம் நிலத்தையும் தவிர வேறெதுவும் தெரியாத என் கொள்ளுத்தாத்தாவுக்கு (பாட்டியின் அப்பா) சிம்லாவில் யார் இருந்தார்கள்? பாட்டி முன்பு எப்போதோ சொன்ன ஒரு கதை அப்போதுதான் சட்டென்று ஞாபகம் வந்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபியோடு உட்காருங்கள்.

*

காஞ்சிபுரத்து அரசியல் வரலாறு என்றால் நம் எல்லோருக்கும் ஒரு பக்கம் நன்றாகத் தெரியும். 1925 நவம்பரில் இங்கே நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு. தலைமை திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது, பெரியார் வெளியேறினார். பிறகு இதே ஊரிலிருந்து அண்ணா வந்தார். மீதி எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு சண்டை என்றால் இரண்டு தரப்பு இருக்க வேண்டுமே? சீர்திருத்தக்காரர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. அவர்களை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, தந்தி அடித்த வைதிகர்களைப் பற்றி எவ்வளவு இருக்கிறது? "சனாதனிகள் எதிர்த்தார்கள்" என்று ஒரே வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் என் கொள்ளுத்தாத்தா இருக்கிறார் என்பதால் எனக்கு அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க ஆசை.

காஞ்சி, வைதிகம் என்று சொன்னதும் சங்கர மடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காலத்தில் காமகோடி மடத்தின் தலைமையிடம் கும்பகோணம். நான் சொல்லப்போவது மடாதிபதிகளின் கதை இல்லை. திண்ணைக் கதை. ரிடையரான குமாஸ்தா, சின்ன மிராசுதார், புரோகிதர், ஒன்றிரண்டு வக்கீல்கள். இவர்கள் கூடினால் ஒரு சபை ஆகிவிடும்.

அதுவும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பயிற்சி ஜாஸ்தி. வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் முதலில் பிரபந்தம் சேவிப்பது, எந்த மந்திரத்தோடு ஆரம்பிப்பது என்கிற வடகலை - தென்கலை வழக்கு 19-ம் நூற்றாண்டிலேயே மதராஸ் ஹைகோர்ட் படியேறியது. இந்த நூற்றாண்டிலும் கோர்ட்டு விட்டபாடில்லை. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று லண்டன் வரை போன கதையை எங்கள் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. (நாங்கள் எந்தக் கலை என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்!) ஆக மகஜர் எழுதுவது, கலெக்டரைப் பார்ப்பது, வக்கீல் வைப்பது, கையெழுத்துச் சேர்ப்பது எல்லாம் சன்னதித் தெருவுக்குப் பரம்பரை வித்தை. அது தென்கலைக்கும் வடகலைக்கும் நடுவில் இருந்தவரை ஊர் விவகாரம். 1920களில் அதே வித்தை அரசியலானது.

*

முதல் அடி 1920களின் தொடக்கத்தில் விழுந்தது. பனகல் ராஜா தலைமையிலான ஜஸ்டிஸ் கட்சி அரசு, கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்க இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1925-ல் அமலானது. அதன் செல்லுபடி பற்றி வழக்குகள் வர, 1927-ல் புதிய சட்டமாகவே மறுபடி நிறைவேற்றினார்கள். தர்மகர்த்தாக்களும் மடங்களும் எதிர்த்தன. கோயில் கணக்கை அரசாங்க போர்டு பார்க்கும் என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மதுரையில் வரும்.

இரண்டாவது அடி கோயிலைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்தது. 1927-ல் டெல்லி சட்டசபையில் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த பால்ய விவாகத் தடை மசோதா. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று கடைசியில் முடிவானது. நடுவில் ஜோஷி கமிட்டி என்று ஒன்று போட்டு மாகாணம் மாகாணமாகப் போய் சாட்சியம் வாங்கினார்கள். இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மாதர் சங்கத்தினரும் மசோதாவை ஆதரித்து முழுமூச்சாக வேலை செய்தார்கள்.

எதிர்த்தவர்களில் முக்கியமான ஒருவர் நம்ம ஏரியா பிரதிநிதி! தென்னாற்காடு - செங்கல்பட்டு தொகுதியின் உறுப்பினர் எம்.கே.ஆச்சாரியா. (காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா.) மதத்தில் கை வைக்க சட்டசபைக்கு அதிகாரம் கிடையாது என்பது அவர் கட்சி. வர்ணாசிரம சுயராஜ்ய சங்கம் என்ற அமைப்பிலும் முன்னணியில் நின்றவர்.

அந்தச் சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள். ஒரு பக்கம் வர்ணாசிரமம். இன்னொரு பக்கம் 'சுயராஜ்யம்'. காங்கிரஸ்காரர்கள் வெள்ளைக்காரனிடம் கேட்ட அதே வார்த்தையை வைதிகர்கள் கடன் வாங்கி, "எங்கள் தர்மத்துக்குள் எங்களுக்கு சுயராஜ்யம்" என்று காங்கிரஸ்காரர்களைப் பார்த்தே கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது. பழமையைக் காப்பாற்ற எவ்வளவு புதுசாக யோசித்திருக்கிறார்கள்!

ஊர் மட்டத்தில் இது எப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் இருப்பது பாட்டியின் வாய்ச்சொல் மட்டும்தான். 90களில், நான் காலேஜ் லீவுக்கு வந்திருந்தபோது, முற்றத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"அப்பா மகஜர் எழுதிண்டு வருவார். ஆம்பளைகள் எல்லாம் திண்ணையிலயே கையெழுத்துப் போட்டுடுவா. பொம்மனாட்டிகள் கையெழுத்தும் வேணும்னு பட்டணத்து வக்கீல் சொல்லிட்டாராம். உள்கட்டுக்கு ஆம்பளை போக முடியுமோ? நான்தான்டா மை டப்பாவைத் தூக்கிண்டு வீடு வீடாப் போனேன். மாமி, கட்டை விரலைக் காட்டுங்கோ, அப்பா வாங்கிண்டு வரச் சொன்னார்னு. எங்கம்மா விரலையும் நான்தான் அமுக்கினேன்."

"எதுக்கு மகஜர்னு உனக்குத் தெரியுமா பாட்டி?"

"தெரியாம என்ன? சாரதா சட்டம் வேண்டாம்னு."

அப்போது பாட்டிக்கு 8 வயது.

யோசித்துப் பாருங்கள். பெண்கள் பொது விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது என்று நம்பிய ஒரு மனிதர், பெண்களின் ரேகையைத் தேடி வீடு வீடாக ஆள் அனுப்புகிறார். சாஸ்திரம் சொன்னால் போதும், யார் சம்மதமும் வேண்டாம் என்றிருந்த காலம் போய், எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எண்ணிக் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. எங்கள் கொள்ளுப்பாட்டியிடம் அதற்கு முன் எவராவது எதைப் பற்றியாவது அபிப்பிராயம் கேட்டிருப்பார்களா? முதல் தடவையாகக் கேட்டார்கள். அதுவும், கேட்கவே கூடாது என்று சொல்வதற்காக.

*

1929 செப்டம்பரில் சிம்லாவில் கூடிய சட்டசபையில் 67-க்கு 14 என்று மசோதா ஜெயித்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த ரசீது அந்தச் சமயத்துத் தந்திக்கானதுதான். வைஸ்ராய் சம்மதம் கொடுக்கக் கூடாது என்று அடித்திருக்க வேண்டும். இதிலும் ஒரு வேடிக்கை. தர்மத்தில் தலையிட அந்நியருக்கு உரிமை இல்லை என்று கூட்டத்தில் பேசியவர்கள், தலையிட்டுத் தடுக்கச் சொல்லித் தந்தி அடித்ததும் அந்நிய வைஸ்ராய்க்குத்தான்.

சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவித்தார்கள். நடுவில் ஆறு மாதம் கிடைத்தது. அந்த ஆறு மாதத்தில் தேசம் முழுக்க என்ன நடந்தது என்பது 1931 மக்கள்தொகைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. 1921-ல் 15 வயதுக்குக் கீழே இருந்த மனைவிகள் சுமார் 85 லட்சம். 1931-ல் அது 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. தடுக்க வந்த சட்டமே அவசர அவசரமாகக் கல்யாணங்களை நடத்தி வைத்துவிட்டது.

அந்தக் கணக்கில் ஒன்று எங்கள் பாட்டி.

1930 மாசியில் கல்யாணம். வயசு 9. "ஒம்போது வயசு, ஒம்போது கஜம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எங்கள் ஊர்த் தறியில் நெய்த கூறைப்புடவைதான். பட்டுக்கும் ஜரிகைக்கும் சேர்த்து அவள் எடையில் பாதி இருந்திருக்கும். நிற்க முடியாமல் ஹோமப் புகையில் தூங்கிவிட்டாளாம். மாமா தூக்கிக்கொண்டு போய் மணையில் உட்கார வைத்தாராம். மூன்றாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தாள். அத்தோடு ஸ்கூல் முடிந்தது. வாத்தியார் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "ஆத்துக்காரருக்குக் கடிதாசு எழுதற அளவுக்குத் தெரியறதே, போதும்" என்று கொள்ளுத்தாத்தா சொன்னாராம்.

இத்தனைக்கும் சாரதா சட்டம் ஒன்றும் பெரிய புலி இல்லை. போலீஸ் தானாகக் கேஸ் போட முடியாது, யாராவது புகார் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவரிடமே ஜாமீன் பணம் கேட்கலாம். மீறினால் அதிகபட்சம் ஒரு மாதம் ஜெயில், ஆயிரம் ரூபாய் அபராதம். மீறி நடந்த கல்யாணம் செல்லுபடியும் ஆகும். இந்தப் பல் இல்லாத சட்டத்துக்குப் பயந்துதான் ஒரு சின்னப் பெண்ணை மணையில் ஏற்றினார்கள்.

*

அடுத்த சண்டை கோயில் வாசலில். 1932-ல் குருவாயூரில் கேளப்பன் உண்ணாவிரதம், பிறகு பொன்னானி தாலுகாவில் கோயில் நுழைவு பற்றி ஓட்டெடுப்பு. ஓட்டுப் போட்டவர்களில் 77 சதவீதம் ஆதரவு. இருந்தும் கோயில் திறக்கவில்லை. 1933-ல் சி.எஸ்.ரங்க ஐயர் மத்திய சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். அதைப் பொதுமக்கள் கருத்துக்கு அனுப்பினார்கள். கேட்க வேண்டுமா! கருத்துக் கேட்டால் மகஜர் எழுதக் காத்துக்கொண்டிருந்த ஊர்கள் எத்தனையோ. 1934-ல் தேர்தல் நெருங்கியது, காங்கிரஸ் பின்வாங்கியது, ஆகஸ்டில் ரங்க ஐயர் மசோதாவை வாபஸ் வாங்கினார். வைதிகத் தரப்புக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது. ஓட்டுக்குப் பயந்து அரசியல்வாதி பின்வாங்குவான் என்ற பாடத்தை அவர்கள் அப்போதே படித்துவிட்டார்கள்.

அந்த வருடங்களில் காந்தி ஹரிஜன யாத்திரை போனபோது வடக்கே சுவாமி லால்நாத் என்பவர் தொண்டர்களோடு கறுப்புக்கொடி காட்டிக்கொண்டே பின்தொடர்ந்தார். கறுப்புக்கொடி யார் கற்றுக்கொடுத்தது? 1928-ல் சைமன் கமிஷனுக்குக் காங்கிரஸ் காட்டியதுதான். அஜ்மீரில் லால்நாத்தை யாரோ மண்டையில் அடித்துவிட, அதற்குப் பிராயச்சித்தமாக 1934 ஆகஸ்டில் காந்தி ஏழு நாள் உண்ணாவிரதம் இருந்தார். எதிரியை அடித்ததற்காகப் பட்டினி கிடந்த தலைவர்! அந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் கொள்ளுத்தாத்தா காந்தி மேல் இருந்த கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாராம். பாட்டி சொன்னது.

1938-ல் ராஜாஜி அரசு மலபாருக்கு மட்டும் ஒரு கோயில் நுழைவுச் சட்டம் கொண்டுவந்தது. எம்.சி.ராஜா மாகாணம் முழுமைக்கும் கேட்டார். மெதுவாகப் போகலாம் என்று ராஜாஜி ஆதரவு தரவில்லை. ஆனால் மதுரையில் மெதுவாகப் போகிற ஆட்கள் இல்லை.

1939 ஜூலை 8. ஹரிஜன சேவா சங்கத்தின் வைத்தியநாத ஐயர், எல்.என்.கோபாலசாமியோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கூடப் போனவர்கள் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து ஆகிய ஐந்து தாழ்த்தப்பட்ட சமூகத்தினரும், நாடார் சமூகத்தைச் சேர்ந்த சண்முக நாடாரும். நாடார் ஏன் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். கமுதி கோயிலுக்குள் நாடார்கள் போகக் கூடாது என்று பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய வருடம் 1908. அதெல்லாம் அவ்வளவு பழைய கதை இல்லை.

வரவேற்று உள்ளே விட்டவர் கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு. முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த அறநிலையச் சட்டம், அது கொண்டுவந்த நிர்வாக முறையின் அதிகாரி! பட்டர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்துக் கோயிலைப் பூட்டினார்கள். நாயுடு திறக்க வைத்தார். மதுரைக்கு அதுவரை அப்படி ஒரு சட்டமே கிடையாது என்பதால் உள்ளே போனவர்கள், விட்டவர்கள் மேலேயே வழக்குப் பாயும் நிலை. ராஜாஜி அவசரச் சட்டம் போட்டு அவர்களைக் காப்பாற்றினார். பிறகு அதுவே சட்டமானது.

எதிர்த்தரப்பின் தலைவர் வக்கீல் நடேச ஐயர். மதுரை வர்ணாசிரம சுயராஜ்ய சங்கத் தலைவர். அவர் கூட்டம் போட்டார், கோர்ட்டுக்குப் போனார். எதுவும் பலிக்காதபோது தமிழ்ச் சங்கம் சாலையில் தன் வீட்டிலேயே மீனாட்சியை வைத்து வழிபாட்டைத் தொடங்கிவிட்டார். அவரோடு இருந்தவர்கள் பல வருடம் பெரிய கோயிலுக்குப் போகவில்லை.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. மீனாட்சி கோயிலுக்குள் மற்றவர்கள் வரக் கூடாது என்று ஆரம்பித்தவர்கள் கடைசியில் எங்கே போய் நின்றார்கள்? மீனாட்சி கோயிலுக்குத் தாங்களே போக முடியாத இடத்தில். வாசல் திறந்துதான் இருந்தது. வெளியே நின்றது அவர்கள்.

*

எங்கள் ஊர்க் கோயில் கதவும் 1947 சட்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்தது. கொள்ளுத்தாத்தாவும் கோபத்தில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். தினமும் விடியற்காலை போய்க்கொண்டிருந்த மனுஷன். எட்டு மாதம் போகவில்லையாம். வைகாசி கருட சேவை வந்தது. பெருமாள் கோபுரம் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டார். தெருவில் எல்லோரும் நிற்கிறார்கள், நெசவாளர், வண்டிக்காரர், சேரி ஜனம், எல்லோரும். கொள்ளுத்தாத்தா திண்ணையிலிருந்து இறங்கி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே போய்க் கை கூப்பினாராம். மறுநாளிலிருந்து பழையபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அதைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை.

"எட்டு மாசத்துல பெருமாளுக்கு ஒண்ணும் குறையலை. அப்பாதான் இளைச்சுப் போயிட்டார்" என்பாள் பாட்டி.

அந்தச் சபைகள் எல்லாம் தோற்றுப்போயின என்று சொல்லலாமா? எனக்குச் சந்தேகம். கேட்ட எதையும் அவர்களால் நிரந்தரமாகத் தடுக்க முடியவில்லை, உண்மை. ஆனால் சங்கம், மகஜர், கையெழுத்து, ஓட்டு, கோர்ட்டு என்கிற வித்தை நிலைத்துவிட்டது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970-ல் கலைஞர் அரசு சட்டம் கொண்டுவந்தபோது எதிர்த்தவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972-ல் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பு வந்தது. அங்கே அவர்கள் கையில் பிடித்தது அரசியல் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகளை. ஆகமம் கூட அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டத்தை, எல்லோரும் சமம் என்று சொல்கிற ஒரு சட்டத்தை, துணைக்குக் கூப்பிட்டார்கள். மாறக் கூடாது என்பதற்காகச் சங்கம் கட்டியவர்கள், சங்கம் கட்டியதாலேயே மாறிப்போனார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுவது. அதை அவர்கள் கவனித்தார்களா தெரியாது.

ஆனால் அந்த மாற்றம் நடக்க எடுத்துக்கொண்ட காலத்துக்கு யாரோ விலை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கொடுத்தது 9 வயசுப் பெண்.

கொள்ளுத்தாத்தா கெட்டவர் இல்லை. பெண் ஜுரத்தில் படுத்தால் ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பெண்ணுக்கு நல்லது என்று நம்பித்தான் எல்லாம் செய்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அன்றைக்கு முற்றத்தில் பாட்டியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "அந்த மகஜர்ல நீயும் ரேகை வெச்சியா பாட்டி?"

"சின்னப் பொண்ணுகளுக்கெல்லாம் ரேகை கிடையாதுன்னுட்டார் அப்பா" என்றாள். "மேஜர் ஆகணுமாம்."

*

டிஸ்கி: அந்தத் தந்தி ரசீதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைத்தேன். 2013-ல் தந்தியே நின்றுபோனதே, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று. ஆனால் சுவரில் மாட்ட மனசு வரவில்லை. பாட்டி பிற்காலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த பழைய ஆனந்த விகடன் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இந்த மாதிரி ஏதாவது இருக்கும், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.